துடைப்பதற்கு முன் ஒரு நிமிஷம்!

வீட்டில் எங்கே எது சொட்டினாலும் நம் கை முதலில் தேடுவது கரித்துணியைத்தான். குழாய் சொட்டினால் அடியில் ஒரு பக்கெட். பால் பொங்கி வழிந்தால் ஒரு ஈரத்துணி. மழைக்குக் கூரை ஒழுகினால் கைக்கு அகப்பட்ட அண்டா, குண்டான் எல்லாம் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்துவிடும். எண்ணெய்ப் புட்டி ஒழுகினாலும் சரி, குழந்தையின் மூக்கு ஒழுகினாலும் சரி, அது துடைக்க வேண்டிய ஒன்று. அவ்வளவுதான்!

ஆனால் சகோதரிகளே, இதே சொட்டை (வீட்டுக்காரர் தலையை நினைத்துச் சிரிக்காதீர்கள், நான் சொல்வது நீர்ச் சொட்டை!) வேலையாகப் பார்க்காமல் வேடிக்கையாகப் பார்த்தவர்களும் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். ஒரு புரொபஸர் இருபது வருஷத்துக்கும் மேல் பால் சொட்டு விழுவதையே படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்து பிள்ளை பெற்ற ஓர் இல்லத்தரசி, வர்ணத்தைச் சொட்டவிட்டே பெரிய அருங்காட்சியகத்தில் இடம் பிடித்தார். பிடித்த பிறகு உலகம் அவரை மறந்தும் போயிற்று.

"அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, சித்திரம் பற்றிக் கேட்க எனக்கு ஏது நேரம்?" என்கிறீர்களா? அடுப்பை 'சிம்'மில் வைத்துவிட்டு வாருங்கள். இது நம்மைப் பற்றிய விஷயந்தான்.

வழிகிற பால்

முதலில் ஒரு சமையலறைக்குப் போகலாம். ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே வாழ்ந்த சித்திரக்காரர் யோஹான்னஸ் வெர்மீர். சுமார் 1660-ல் அவர் வரைந்த ஒரு படம், ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. ரொம்பப் பெரிய படம் இல்லை. உயரம் ஏறக்குறைய ஒன்றரை அடிதான். சமையல் வேலை செய்யும் ஒரு பெண், ஜன்னலோரம் நின்றுகொண்டு, மண் ஜாடியிலிருந்து ஒரு பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள். மேஜையில் ரொட்டி, கூடை. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் படத்தில் அசைகிற பொருள் ஒன்றே ஒன்றுதான்: இழையாக வழிகிற அந்தப் பால். அவள் முகத்தைப் பாருங்கள், அத்தனை கவனம்! ஒரு சொட்டு வீணாகக் கூடாதே என்கிற கவனம். நாம் காய்ச்சிய பாலை டம்ளரில் ஊற்றும்போது முகம் அப்படித்தானே இருக்கும்?

இதில் ஒரு ஸ்வாரஸ்யம். 2022-ல் இந்தப் படத்தை நவீனக் கருவிகளால் ஆராய்ந்தபோது, அவள் தலைக்குப் பின்னால் ஜாடிகள் மாட்டும் பலகை ஒன்றையும், கீழே கணப்புக்கூடை ஒன்றையும் வெர்மீர் முதலில் வரையத் தொடங்கியிருந்தது தெரிந்தது. பிறகு அவரே அவற்றை மறைத்து, வெறும் சுவராக விட்டுவிட்டார். நம் கண் வேறெங்கும் போகாமல் அந்தப் பெண்ணிடமும் அந்தப் பாலிடமும் நிற்கிறது. மேடையில் இருக்கிற சாமானை எல்லாம் ஒதுக்கினால் வேலையில் மனசு நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா என்ன!

பால் சூட்டிக்கொண்ட கிரீடம்

வெர்மீர் பால் வழிவதைப் பார்த்தார். பால் போய் விழுந்த இடத்தில் என்ன ஆகிறது? அதைப் பார்க்க ஆசைப்பட்டவர் இங்கிலாந்தில் ஆர்தர் வொர்த்திங்டன் என்ற விஞ்ஞானி. சொட்டு விழுந்து தெறிப்பது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுகிற சமாசாரம். அதனால் 1870-களில் அவர் ஒரு யுக்தி செய்தார். இருட்டறையில் சொட்டை விழவிட்டு, சரியான நொடியில் ஒரு மின்பொறியை வெட்டவிடுவார். அந்தப் பளிச்சில் கண்ணுக்குத் தெரிந்ததை உடனே வரைந்துகொள்வார். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஒரு பொறி. இப்படியே வருஷக்கணக்கில்!

அவர் வரைந்த தெறிப்புகள் எல்லாம் கம்பாஸ் வைத்துப் போட்ட மாதிரி, நாலு பக்கமும் ஒரே சீராக இருந்தன. 1890-களில் அதைப் புகைப்படமாகவே எடுக்க முடிந்தபோது பார்த்தால், ஒரு தெறிப்பாவது அத்தனை சீராக இல்லை. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, எங்கோ ஒரு துளி தனியாகப் பறக்கிறது. சீராகத்தான் இருக்கும் என்று மனசு நினைத்ததைக் கண்ணும் பார்த்திருக்கிறது! அவர் இதை ஒளிக்கவில்லை. படங்களோடு உள்ளபடி எழுதினார். தெறிப்புகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1908-ல் வெளிவந்தது.

அவர் விட்ட இடத்தில் தொட்டவர்தான் நான் முதலில் சொன்ன புரொபஸர், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் கற்றுக்கொடுத்த ஹெரால்டு எட்ஜர்டன். மிக மிகக் குறுகிய நேரம் மட்டும் பளிச்சிடும் விளக்கை வைத்துக்கொண்டு அவர் படம் பிடித்தார். பால் சொட்டு விழுந்து கிரீடம் மாதிரி எழும்பும் அவருடைய கறுப்பு வெள்ளைப் படம், 1937-லேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதோடு அவருக்குத் திருப்தி வரவில்லை. தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தார். 1957-ல் எடுத்த வர்ணப்படம்தான் இன்று உலகப் பிரசித்தம். சிவப்புப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று ஒரு பால் கிரீடம், ஒவ்வொரு முனையிலும் முத்து மாதிரி ஒரு துளி!

கிரீடம் எப்படி வருகிறது என்கிறீர்களா? தட்டில் மெல்லிசாகப் பரவியிருக்கும் பாலின் மேல் ஒரு சொட்டு விழுகிறது. விழுந்த வேகத்தில் பால் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, சுற்றிலும் சுவர் மாதிரி எழும்புகிறது. பாலுக்கும் தண்ணீருக்கும் மேல்தோல் மாதிரி ஓர் இழுவிசை உண்டு. அது அந்தச் சுவரின் விளிம்பை இழுத்துத் திரட்டி, இடையிடையே உருண்டைகளாக வெட்டிவிடுகிறது. அந்த உருண்டைகள்தான் முத்துக்கள்.

இந்த மாதிரிப் படங்கள் இன்னொன்றையும் காட்டின. நாம் சொட்டு என்றால் மேலே கூராகவும் கீழே பருத்தும் வரைகிறோம் இல்லையா? குழாய் நுனியில் தொங்கும்போதுதான் அது அப்படி. அறுந்து விழுந்த பிறகு, சின்னச் சொட்டு அநேகமாக உருண்டையாகிவிடுகிறது.

ஒழுகிய சுவரும் ஒழுகிய வெளிச்சமும்

சொட்டு மட்டும் இல்லை, ஒழுக்கும் கலைக்கு உதவியிருக்கிறது. லியோனார்டோ டாவின்ச்சி தம் குறிப்புகளில் இளம் ஓவியர்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கறை படிந்த சுவரை உற்றுப் பார்த்தால் மலை, ஆறு, மரம், சண்டை போடும் வீரர்கள் எல்லாம் தெரியும். அதிலிருந்து புதிய கற்பனை பிறக்கும் என்பது அதன் சாரம். மழைக்காலத்தில் சுவரில் ஊறிய ஈரத்தைப் பார்த்து, "அம்மா, யானை பாரு!" என்று நம் குழந்தைகள் சொல்வதும் அதுதானே? "யானையும் இல்லை, பூனையும் இல்லை, போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். (யானையைப் பார்த்து முடித்த பிறகு சுவரைக் காய வைக்க வழி பாருங்கள். ஈரச்சுவரில் பூஞ்சை பிடித்தால் இழுப்பு உள்ள குழந்தைகளுக்கு ஆகாது.)

காமிராவிலும் ஓர் ஒழுக்கு உண்டு. ஃபிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில், காமிராவின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் இடுக்கு வழியே வெளிச்சம் உள்ளே ஒழுகும். படத்தைக் கழுவி வாங்கினால், கல்யாணப் பெண்ணின் பாதி முகத்தில் ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு பட்டை! எத்தனை வீட்டு ஆல்பங்களில் அப்படி ஒரு படம் இருக்கிறது! 1982-ல் ஹாங்காங்கிலிருந்து வந்த 'ஹோல்கா' என்ற மலிவு பிளாஸ்டிக் காமிராவில் இந்த ஒழுக்கு சர்வ சாதாரணம். சிலர் கறுப்பு டேப் ஒட்டி அடைத்தார்கள். சிலரோ அதற்காகவே அந்தக் காமிராவைத் தேடி வாங்கினார்கள். இன்றைக்குச் செல்போன் படத்தில் அந்த ஆரஞ்சுப் பட்டையை வேண்டுமென்றே சேர்க்க 'ஆப்' இருக்கிறது. குறை என்று தூக்கிப் போட்டது, பத்து வருஷம் கழித்து அழகாகிவிடுகிறது. காலம் செய்கிற கோலம்!

புரூக்ளின் இல்லத்தரசி

இப்போது நம்மவருக்கு வருவோம். பெயர் ஜேனட் சோபெல். 1890-களில் உக்ரைனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்களுக்கு எதிரான கலவரத்தில் தகப்பனாரைப் பறிகொடுத்து, 1908-ல் தாயாரோடும் உடன்பிறந்தவர்களோடும் நியூயார்க்கில் கரையேறினார். சின்ன வயசிலேயே கல்யாணம். ஐந்து குழந்தைகள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடித்தனம். ஓவியப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை.

அவருடைய மகன் சால் ஓவியம் படித்துக்கொண்டிருந்தான். 1930-களின் கடைசியில், மகனுடைய தாள்களிலும் வர்ணங்களிலும்தான் அம்மா முதலில் கை வைத்தார். அப்போது அவருக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. என் வயசு! உங்களில் பலருடைய வயசு!

தூரிகை மட்டும் அவருக்குப் போதவில்லை. கண்ணாடிச் சொட்டுக் குழாயில் வர்ணத்தை எடுத்துச் சொட்டவிட்டார். நாம் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற இங்க் ஃபில்லர் மாதிரிதான். எனாமல் பெயின்டை ஊற்றி, துணியைச் சாய்த்து ஓடவிட்டார். ஈர வர்ணத்தை இழுக்க வீட்டில் தூசி உறிஞ்சுகிற வாக்குவம் கிளீனரைக்கூட விட்டுவைக்கவில்லை! கையில் இருந்ததை வைத்துக் காரியம் பண்ணுகிற சாமர்த்தியம் எந்த ஊர் இல்லத்தரசிக்கும் ஒன்றுதான் போலும்.

1944-ல் நியூயார்க்கில் அவருடைய படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. பிரபல தத்துவ அறிஞர் ஜான் டூவி அதற்கு முன்னுரை எழுதினார். பெக்கி குகன்ஹைம் என்ற சீமாட்டி, தம் கலைக்கூடத்தில் 1945-ல் பெண் ஓவியர்களின் கண்காட்சியில் இவரைச் சேர்த்தார். 1946-ல் தனிக் கண்காட்சியும் வைத்தார். 1945-ல் ஜேனட் செய்த 'மில்கி வே', அதாவது 'பால்வீதி', மூணேமுக்கால் அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. நடுவும் கிடையாது, ஓரமும் கிடையாது. வர்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடி, இழை இழையாகப் படர்ந்து, படம் முழுக்க ஒரே ஒளிவலை.

போனில் அந்தப் படத்தை என் மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாவு கொட்டின மாதிரி இருக்கு. ஆனா அழகாத்தான் இருக்கு. யாரும்மா போட்டது?"

"அஞ்சு பிள்ளை பெத்த ஒரு அம்மா, அத்தை."

"அஞ்சு பிள்ளையா! அப்போ இதை எப்போ போட்டாளாம்? எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறமா?"

எந்த விமரிசகரும் கேட்காத கேள்வி இது. பதில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: பிள்ளைகள் தலையெடுத்த பிறகு. தன் நேரம் என்று ஒன்று கைக்கு வருவதற்கே அவருக்கு நாற்பது வயசுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இனிதான் கதையின் முக்கியமான கட்டம். ஜாக்ஸன் பொலாக் என்ற ஓவியர் பெயரை உங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கலாம். 1947 முதல் பெரிய துணியைத் தரையில் விரித்து, குச்சியாலும் காய்ந்த தூரிகையாலும் பெயின்டைச் சொட்டவிட்டும் வீசியும் படம் செய்தவர். 1949-ல் 'லைஃப்' பத்திரிகை அவரைப் பற்றிப் பெரிய கட்டுரை போட்டது. 1950-ல் ஹான்ஸ் நாமுத் என்ற புகைப்படக்காரர், பொலாக் துணியைச் சுற்றி நடந்து வர்ணம் சொட்டுவதைப் படம் படமாக எடுத்தார். சொட்டு ஓவியம் என்றால் பொலாக் என்று உலகம் முடிவு கட்டியதில் அந்தப் புகைப்படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அதற்கு முன்பே ஜேனட்டின் படங்களைப் பொலாக் பார்த்திருந்தார். உடன் போன விமரிசகர் கிளமென்ட் கிரீன்பெர்க்கே பிற்பாடு இதை எழுதினார். அந்தப் படங்கள் தம் மனசில் பதிந்ததாகப் பொலாக் ஒப்புக்கொண்டாராம். அதே கிரீன்பெர்க், ஜேனட்டை அறிமுகப்படுத்தியது எப்படித் தெரியுமா? புரூக்ளினில் இருக்கும் ஓர் இல்லத்தரசி என்று! பொலாக்கை யாரும் 'குடும்பஸ்தர்' என்று அறிமுகப்படுத்தியதாக நான் படிக்கவில்லை.

பொலாக் திருடிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. வர்ணத்தைச் சொட்டவிட்டுப் பார்த்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். பொலாக் அதை எங்கேயோ கொண்டுபோனார் என்பதும் நிஜம். என் ஆதங்கம் வேறு. பார்த்தவருக்குப் பெயர் கிடைத்தது. முதலில் செய்தவருக்கு 'இல்லத்தரசி' என்ற முத்திரைதான் மிஞ்சியது.

அதற்குள் ஜேனட்டின் குடும்பம் நியூஜெர்ஸி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நியூயார்க்கின் கலை உலகம் எட்டாமல் போயிற்று. போதாததற்கு, வர்ணத்தில் கலந்திருந்த ஏதோ ஒன்று அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அலர்ஜி கண்டது. கிரேயானும் பென்சிலுமாக வரைந்துகொண்டிருந்தார். 1968-ல் காலமானார். 'பால்வீதி' இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2024-ல் ஹூஸ்டன் நகரத்தின் மெனில் கலெக்‌ஷன் என்ற அருங்காட்சியகம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அவர் போய் ஐம்பத்தாறு வருஷம் கழித்து!

நாமும் செய்து பார்ப்போமா?

பால் கிரீடத்துக்காகப் பாலை வீணாக்க வேண்டாம். முதல் தடவை அரிசி களைந்த வெள்ளைத் தண்ணீர் போதும். கறுப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரம் வையுங்கள். இங்க் ஃபில்லரால் ஒரு முழ உயரத்திலிருந்து சொட்டு விடுங்கள். சொட்டு விழும் இடத்தில் முதலில் ஒரு ஸ்பூன் நுனியைக் காட்டி, போனில் அந்த இடத்தைத் தொட்டு 'ஃபோகஸ்' செய்துகொண்டு, ஸ்பூனை எடுத்துவிட்டு 'ஸ்லோ மோஷ'னில் எடுக்க வேண்டும். என் மகள் எடுத்தாள், நான் சொட்டு விட்டேன். முப்பது நாற்பது சொட்டுக்குப் பிறகு ஒரு குட்டிக் கிரீடம் அகப்பட்டது. ஒரு பக்கம் கோணல்தான். வொர்த்திங்டன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்!

சின்னக் குழந்தைகளுக்குப் பழைய பேப்பரைத் தரையில் விரித்து, தண்ணீரில் கரைத்த வாட்டர் கலரையோ சமையல் கலரையோ ஃபில்லரில் கொடுங்கள். எனாமல் பெயின்டும் தின்னரும் குழந்தைகள் கிட்டேயே வேண்டாம். பெரியவர்கள் செய்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஜேனட்டின் அலர்ஜி ஞாபகம் இருக்கட்டும்.

குழாய்ச் சொட்டை ரசித்தது போதும் என்று தோன்றியதும் வாஷரை மாற்றிவிடுங்கள். மருந்துக் கணக்கில் ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் இருபது சொட்டு. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நாலு லிட்டருக்கு மேல். மாசத்துக்குக் கிட்டத்தட்ட 130 லிட்டர், பதினைந்து லிட்டர் குடத்தில் எட்டுக் குடத்துக்கும் அதிகம்! அடியில் வைத்த பக்கெட்டை மூடி வையுங்கள், வாரம் ஒரு தடவை தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுவது இந்த மாதிரி தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

கடைசியாக ஒன்று. அரிசி மாவுக் கரைசலில் துணியை நனைத்து, விரல் வழியாக வழியவிட்டு இழைக்கோலம் போடுகிறோமே, அதுவும் சொட்டவிட்டு வரைகிற கலைதான். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் கோலநோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். புள்ளிக் கணக்கு இருக்கும், கோலம் இருக்கும். போட்டவர் பெயர்? பெரும்பாலும் இருக்காது. எம்பிராய்டரி செய்த தலையணை உறையிலும், நாம் எடுத்த புகைப்படங்களிலும் அதே கதைதான்.

பாட்டிக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். இனிமேல் நீங்கள் எது செய்தாலும், பின்பக்கத்தில் சின்னதாக உங்கள் பெயரும் தேதியும் போடுங்கள். 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மா' என்று இல்லை, உங்கள் பெயர்.

அடுப்பில் 'சிம்'மில் வைத்த குழம்பு சுண்டியிருக்கும், போய்ப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்!